வெனிலா ரெக்கார்ட்ஸ் வாங்கிய இரண்டு தாம்பூலம்

இருதய அருண் இந்தப் பதினைந்து வருஷத்தில் நானூறு கச்சேரிக்காவது போயிருப்பான். அதில் ஒன்றையாவது முழுசாக உட்கார்ந்து கேட்டிருக்கிறானா என்று அவன் மனைவி பாக்கியமேரியிடம் கேட்டால் சிரிப்பாள். பாடுகிறவர் மேடை ஏறியதும் ஊரே மேடையைப் பார்க்கும். இவன் மட்டும் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்ப்பான். பிறகு மேகத்தைப் பார்ப்பான். பிறகு ஸ்பீக்கர் வயரை எவன் காலில் மாட்டி இழுக்கப் போகிறான் என்று கூட்டத்தின் கால்களைப் பார்ப்பான். ஒன்றுமே கெடவில்லை என்றால் அதுவும் அவனுக்குச் சந்தேகம்தான். இவ்வளவு நல்லபடியாகப் போகிறதே, எங்கேயோ என்னமோ இருக்கிறது என்று நினைத்துக்கொள்வான்.

திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் ஓர் அறை. வெனிலா ரெக்கார்ட்ஸ் என்பது அவ்வளவுதான். ஒன்பது வயது மகளின் பெயரை வைத்திருந்தான். சுவரெல்லாம் பழைய போர்வைகளை ஆணியடித்து மாட்டியிருந்தது. ஜன்னலுக்கு இரண்டு மெத்தை முட்டுக் கொடுத்திருந்தது. இத்தனை செய்தும் பஸ்ஸின் ஏர் ஹாரன் உள்ளே வந்துவிடும். அதனால் பாடுகிறவர்கள் ரோட்டுச் சத்தம் ஓய்கிறவரை மைக் முன்னால் காத்திருந்து, அருண் கையைக் காட்டியதும் பாடுவார்கள். ரயில்வே கேட் மூடுகிற நேரமாகப் பார்த்து ஒரு முழுச் சரணத்தைப் பதிந்துவிடுவதில் அவன் கெட்டிக்காரன்.

இதுவரை பதினொரு வெளியீடு. மாதா பாட்டு இரண்டு, பம்பைக் குழு ஒன்று, காமெடிப் பாட்டு ஒன்று என்று கலந்து கட்டியது. ஆப்பில் ஏற்றுவான், பென் டிரைவில் போட்டுத் திருவிழாக் கடைகளில் வைப்பான். டிராக்டர்காரர்களும் ஷேர் ஆட்டோக்காரர்களும் வாங்குவார்கள். அந்தப் பதினொன்றில் ஊர் ஊராய் ஒலித்தவை மூன்றுதான். மூன்றும் தென்னரசு பாடியவை.

தென்னரசுக்கு இருபத்தொன்பது வயது. மினி லாரி ஓட்டுகிறான். காணைக்கு மேற்கே அவன் ஊர். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் வருகிற நாளெல்லாம் அருணின் மாடிக்கு வந்து, கீழே இருந்து டீ வரவழைத்துக் குடித்துவிட்டுத்தான் போவான். அவன் குரலை இன்ன மாதிரி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. மைக்கை இரண்டடி தள்ளி வைத்தாலும் போதும், அப்படி ஒரு குரல். அவன் இல்லாவிட்டால் வெனிலா ரெக்கார்ட்ஸ் என்பது போர்வை மாட்டிய ஒரு அறை, அவ்வளவுதான். இது அருணுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததுதான் அவனுடைய வியாதியே.

இருவருக்கும் நடுவில் எழுத்து என்று ஒரு வரி கிடையாது. வாய்ப் பேச்சுதான். சென்னையிலிருந்து ஒரு பெரிய கம்பெனி வைகாசியிலேயே தென்னரசுவுக்குப் போன் போட்டது. வந்து கையெழுத்துப் போட்டால் இனிமேல் எல்லாப் பாட்டும் அவர்களிடம்தான் பதிய வேண்டும் என்றார்கள். ஆடி முடியட்டும், சொல்கிறேன் என்று இவன் சொல்லிவிட்டான். அதை அவனே வந்து அருணிடம் சிரித்துக்கொண்டு சொன்னான். அருணும் சிரித்துவைத்தான். அன்றைக்கிருந்து அவனுக்கு ராத்தூக்கம் பாதியாகிவிட்டது.

கச்சேரி பேசுகிற வேலையையும் அருண்தான் பார்த்தான். தென்னரசு எந்நேரமும் லாரியில் இருப்பவன், அவனைத் தேடிப்பிடித்துப் பேச எந்த ஊர்க் கமிட்டிக்கும் பொறுமை இருக்காது. அந்தப் பக்கத்தில் கச்சேரி பேசுவது காகிதத்தில் இல்லை. கோயில் முன்னால் தட்டில் வெத்தலை பாக்கு, பழம், ஒரு சின்ன முன்பணம் வைத்துத் தருவார்கள். அதை வாங்கிவிட்டால் வாங்கியதுதான். வாங்கிவிட்டு வராமல் போனவனை அந்த ஊர் மட்டுமல்ல, அதனோடு பெண் கொடுத்துப் பெண் எடுத்த ஊர்களும் ஒதுக்கிவிடும்.

இந்த ஆடிக்கு அருண் இரண்டு தாம்பூலம் வாங்கினான்.

முதலாவது தென்னரசுவின் சொந்த ஊர். ஊர் ஊராய்ப் பாடியவனை அவன் ஊர் இதுவரை ஒருதரம் கூடக் கூப்பிட்டதில்லை. உள்ளூர் மாடு விலை போகாது என்பது மாட்டுக்கு மட்டும் சொன்னதா என்ன. அவன் அம்மா சின்னக்கண்ணு, பக்கத்து ஊரெல்லாம் மகன் பாட்டைக் கேட்டுவிட்டு வந்து சொல்வதைக் கேட்டே மூன்று வருஷத்தை ஓட்டியவள். கழனி வேலை, மாடு என்று எங்கேயும் கச்சேரிக்குப் போனதில்லை. நம்ம தெருவில் பாடும்போது கேட்டுக்கொள்கிறேன் என்பாள். இந்த வருஷம் கமிட்டி மனசு வைத்துவிட்டது. ஆடி மூன்றாம் வெள்ளி என்று சொல்லித் தட்டைக் கொடுத்தார்கள். அந்தக் கச்சேரியை அப்படியே நேரடியாகப் பதிந்து வெளியிடுவது என்று அருணும் முடிவு செய்தான். சொந்த ஊர் மேடையில் அவன் பாடியதை நாம் வெளியிட்டால் சென்னைக்குப் போக அவனுக்கு மனசு வராது என்று ஒரு கணக்கு.

இரண்டாவது, அதே ரோட்டில் இன்னும் மேற்கே, கண்டாச்சிபுரத்துக்குப் பக்கத்து ஊர். தென்னரசுவை யாருக்கும் தெரியாத காலத்தில் மூன்று வருஷம் முன்பு மேடை கொடுத்தது அந்த ஊர்தான். அதன் பிறகு வருஷா வருஷம் அங்கே பாடுகிறான். தர்மகர்த்தா விருத்தாசலம் தட்டைக் கொடுத்து, ஆடி ரெண்டாம் வெள்ளி என்றார்.

அருண் நாள்காட்டியைத் திறந்து எண்ணினான். இந்த வருஷம் ஆடி பிறந்ததே வெள்ளிக்கிழமையில். ஜூலை பதினேழு முதல் வெள்ளி, இருபத்துநாலு இரண்டாம் வெள்ளி, முப்பத்தொன்று மூன்றாம் வெள்ளி. இருபத்துநாலு கண்டாச்சிபுரம் பக்கம், முப்பத்தொன்று சொந்த ஊர். தென்னரசுவிடம் தேதிகளை மட்டும் சொன்னான். வெள்ளிக்கிழமை எண்ணுவது அருணுக்குப் புதிது இல்லை. முகையூரில் பிறந்து வளர்ந்தவன். மாசா மாசம் முதல் வெள்ளிக்கு இருதய ஆண்டவர் பூசைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போனவன், பேரே அதனால் வந்ததுதான். அங்கே முதல் வெள்ளி என்றால் முதல் வெள்ளி. ஒன்றாம் தேதியே வெள்ளியாக வந்தாலும் அதுதான் முதல்.

எந்தக் கச்சேரிக்கும் இரண்டு நாள் முந்தியே போய் மின்சாரம், மேடை, வண்டி நிறுத்த இடம் எல்லாம் பார்த்துவிட்டு வருவது அருணின் வழக்கம். பயந்தவனுக்கு அது ஒரு பூசை மாதிரி. புதன்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு கண்டாச்சிபுரம் பக்கம் போனான். கோயில் மைதானத்தில் ஒரு பந்தக்கால் கூட நட்டிருக்கவில்லை. மாடு படுத்திருந்தது. பைக்கைத் தர்மகர்த்தா வீட்டுப் பக்கம் திருப்பினான்.

விருத்தாசலம் வீட்டில் இருந்தார். அச்சாகி வந்த திருவிழா நோட்டீஸ் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர், நல்ல வேளை வந்தாய் என்று ஒன்றை எடுத்து நீட்டினார். ஆடி இரண்டாம் வெள்ளி, 31-ஆம் தேதி, மாலை ஏழு மணிக்குத் தென்னரசு குழுவினரின் கச்சேரி என்று இருந்தது. அருண் அதை இரண்டுதரம் படித்துவிட்டு, இது மூன்றாம் வெள்ளி இல்லையா என்று மெதுவாகக் கேட்டான்.

“மாசம் பொறந்த வெள்ளிய எங்க ஊர்ல எண்ண மாட்டோம் தம்பி. அன்னிக்கு ஆத்தாளுக்குக் காப்புக் கட்றது. அடுத்த வெள்ளிதான் மொத வெள்ளி” என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல.

போன மூன்று வருஷமும் ஆடி வேறு கிழமையில் பிறந்தது. அதனால் இந்தப் பேச்சே வரவில்லை. தென்னரசுவுக்கும் தெரிய வழியில்லை. அந்த ஊரில் நண்டு சிண்டுக்குக் கூடத் தெரிந்த கணக்கு இது. அருண் வாயைத் திறந்து அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கரண்டு கம்பம் மட்டும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கிளம்பிவிட்டான்.

இரண்டு ஊருக்கும் நடுவில் இருபது கிலோமீட்டர்தான், இரண்டையும் பாடிவிட்டால் என்ன என்று வழியெல்லாம் கணக்குப் போட்டான். இரண்டும் அம்மன் ஊர்வலம் முடிந்து ஏழு மணிக்குத்தான் தொடங்கும். பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கருக்குப் போலீஸ் அனுமதி இல்லை. காணை ரோட்டோரம் பைக்கை நிறுத்திவிட்டு, எப்படிப் போட்டாலும் வராத கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டான்.

அதன் பிறகு ஆறு நாள். இந்த ஆறு நாளைத்தான் அவன் வாழ்க்கையிலிருந்து அழித்துவிட வேண்டும் என்று இன்றைக்கும் நினைக்கிறான். இருபத்துநாலாம் தேதி கச்சேரி தள்ளிப்போயிருக்கிறது என்று மட்டும் தென்னரசுவிடம் சொன்னான். எந்தத் தேதிக்கு என்று அவன் கேட்டபோது கமிட்டி இன்னும் சொல்லவில்லை என்றான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறு எப்படி இறங்கும்? தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. பாக்கியமேரி கேட்டதற்கு வாய்ப்புண் என்றான். அவள் நம்பாவிட்டாலும் மணத்தக்காளிக் கீரையைச் சமைத்து வைத்தாள். அவளிடமும் சொல்லவில்லை. விருத்தாசலமே மனசு மாறித் தேதியை மாற்றிவிடுவார், மழை வரும், யாராவது பெரிய மனுஷன் செத்துத் திருவிழா தள்ளிப்போகும் என்றெல்லாம் நினைத்தான். கடைசியாக நினைத்ததற்கு உடனே சிலுவை போட்டுக்கொண்டான்.

அந்த ஆறு நாளில் தென்னரசு மூன்று முறை மாடிக்கு வந்தான். சொந்த ஊரில் எந்தப் பாட்டில் தொடங்குவது, அம்மாவை எங்கே உட்கார வைப்பது என்று பேசினான். அவள் புதுச் சேலை எடுத்துவிட்டாள் என்று சொன்னான். அருண் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு ம் போட்டான்.

செவ்வாய்க்கிழமை காலையில் தென்னரசு வந்தபோது கையில் அந்த நோட்டீஸ் இருந்தது. கண்டாச்சிபுரத்தில் மூட்டை இறக்கிய இடத்தில் டீக்கடையில் ஒட்டியிருந்ததாம். முப்பத்தொன்றாம் தேதி என்று தப்பாக அச்சடித்துவிட்டார்கள், போன் பண்ணிச் சொல்லுண்ணா என்றான். அருண் மேஜை இழுப்பறையைத் திறந்தான். நாலாக மடித்த இன்னொரு நோட்டீஸை எடுத்து வைத்தான். வெள்ளிக்கிழமைக் கணக்கைச் சொன்னான். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சொன்னான்.

தென்னரசு கத்துவான் என்று எதிர்பார்த்தான். அவன் கத்தவில்லை. இரண்டு நோட்டீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“தப்பா எண்ணிட்ட, அது பரவால்லண்ணா. ஆனா ஆறு நாளா எங்கூட ஒக்காந்து டீ குடிச்சிக்கினு இருந்தியே” என்றான்.

அருணுக்கு அழுகை வந்தது. முப்பத்தெட்டு வயசில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் அழுவது வெட்கமாக இருந்தாலும் நிற்கவில்லை. நீ போய்விடுவாயோ என்று பயமாக இருந்தது, அதனால்தான் சொல்லவில்லை என்று உளறினான். போவதென்றால் இதற்காகவே போகலாம் என்றான் தென்னரசு.

எழுந்து வாசலுக்குப் போனவன் திரும்பி நின்று முடிவைச் சொன்னான். கண்டாச்சிபுரம் பக்கம்தான் போகிறேன், யாருக்கும் தெரியாதவனுக்கு மேடை கொடுத்த ஊர் அது, அங்கே போகாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை என்றான். சொந்த ஊர் ஏசும், நாளைக்குச் சோறும் போடும் என்றான்.

“எங்கூர்க் கமிட்டிக்கு நீயே போய்ச் சொல்லு. எங்கம்மாகிட்டயும் நீயே சொல்லு. என்னால முடியாது.”

பதிலுக்குப் பாட அருண் விழுப்புரத்தில் ஒரு மெல்லிசைக் குழுவைக் கெஞ்சிப் பிடித்து, அவர்களையும் கூட்டிக்கொண்டு புதன்கிழமை தென்னரசுவின் ஊருக்குப் போனான். கமிட்டிக்காரர்கள் பேசியதை இங்கே எழுத முடியாது. உள்ளூர்க்காரன் என்று கூப்பிட்டோம் பார், எங்களைச் சொல்லணும் என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எண்ணத் தெரியாதவனெல்லாம் எதற்குத் தாம்பூலம் வாங்குகிறான் என்று இன்னொருவர் கேட்டார். அருண் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர்கள் கேட்டதில் ஒன்று கூடத் தப்பில்லை என்பதுதான் கொடுமை.

சின்னக்கண்ணு வீட்டு வாசலில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அருணைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. மகன் பாட்டைப் பிடிக்கிற மிஷின்காரர் என்றுதான் அவளுக்கு அவனைத் தெரியும். அவன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்காமல் முறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். சொல்லி முடித்த பிறகும் அவள் கை நிற்கவில்லை. ஓட்டை உடைத்து, பருப்பை முறத்தில் போட்டு, ஓட்டை ஒதுக்கினாள். அவள் ஏசினால் பரவாயில்லை, அழுதுவிட்டால் என்ன செய்வது என்று பயந்தான்.

“அங்க எத்தினி மணிக்கு ஆரம்பிக்கிறாங்க?” என்று கேட்டாள்.

ஏழு மணிக்கு என்றான்.

“அப்ப ஜல்தியா வந்து என்னைக் கூட்டிக்கினு போ. மாட்ட அஞ்சு மணிக்கே புடிச்சிக் கட்டிட்றேன்.”

வெள்ளிக்கிழமை மாலை அருண் ஒரு ஆட்டோவை வைத்து அவளைக் கூட்டிக்கொண்டு போனான். புதுச் சேலையைக் கட்டியிருந்தாள். சொந்தத் தெருவில் கொட்டகை போட்டு சீரியல் விளக்குத் தொங்குவதைத் தாண்டித்தான் ஆட்டோ போக வேண்டும். தெருக்காரர்கள் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு வந்தாள். அருண் தலையைக் குனிந்துகொண்டான்.

பதிவுக் கருவியை அவன் காலையிலேயே அங்கே கொண்டுவந்து பொருத்தியிருந்தான். தென்னரசு மூன்று நாளாக அவனோடு பேசவில்லை. மைக் சரிபார்க்கும்போது கூட, சத்தம் போதுமா என்பதைக் கீபோர்டுக்காரரிடம்தான் கேட்டான். அம்மா வருவதை அருண் அவனிடம் சொல்லவில்லை. பேசினால்தானே சொல்வது.

அவளைப் பெண்கள் பக்கம் முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு சவுண்டு மிக்சர் மேஜைக்குப் போகத் திரும்பினான். அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இங்கே யாரையும் தெரியாது, நீயும் உட்கார் என்றாள். மறுக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பதிவுப் பட்டனைத் தட்டிவிட்டு வந்து தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். அங்கிருந்து டிரான்ஸ்ஃபார்மர் தெரியவில்லை. மேகமும் தெரியவில்லை, கொட்டகை மறைத்தது. கருவி ஓடுகிறதா நின்றுவிட்டதா என்று பார்க்க வழியில்லை. மேடையைத் தவிர வேறு எதையும் பார்க்க முடியாத இடம். தென்னரசு முகத்தைப் பார்க்க அவனுக்கு அதைவிடப் பயமாக இருந்தது.

பம்பை முழங்கியது. தென்னரசு அம்மனைக் கும்பிட்டு முதல் பாட்டை எடுத்தான். அந்தப் பாட்டை அருண் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டிச் சீர்செய்தவன். எந்த வரிக்கு முன்னால் மூச்சு எடுப்பான், எங்கே குரல் லேசாகப் பிசிறும் என்பதெல்லாம் மனப்பாடம். இரண்டாவது சரணத்துக்கு நடுவில் தென்னரசு நிறுத்தினான். அங்கே நிறுத்தம் கிடையாது. பம்பைக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சும்மா தட்டிக்கொண்டிருந்தார். ஜனங்கள் அதைப் பாட்டில் உள்ளது என்று நினைத்தார்கள். அருணுக்கு மட்டும் அவன் எதைப் பார்த்துவிட்டு நிறுத்தினான் என்று தெரிந்தது.

சின்னக்கண்ணு மகனைப் பார்த்து, பாடு என்பது போலத் தலையை ஆட்டினாள்.

அவன் விட்ட வரியைத் திரும்ப எடுத்தான். அதன் பிறகு அவன் பாடியதை அருண் கேட்டான். பதினைந்து வருஷத்தில் முதல்முறையாக ஒரு கச்சேரியைக் கேட்டான். பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன், அது அவன் மடியிலேயே உட்கார்ந்திருந்தது. ஆனாலும் இந்தக் குரலை இனிமேல் வேறு யார் பதிந்தாலும் சரி, இன்றைக்கு இந்த அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டோமே என்று அவனுக்குத் தோன்றியது.

பத்து மணிக்குள் கச்சேரி முடிந்துவிட்டது. தென்னரசு இறங்கி வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அருண் வயரைக் கழற்றுகிற சாக்கில் தள்ளியே நின்றான். அப்போது விருத்தாசலம் தட்டோடு வந்தார். அடுத்த வருஷத்துக்கும் தென்னரசுதான் என்று ஊரே சொல்லிவிட்டதாம். அவர் வழக்கம் போல அருணைத் தேடிக்கொண்டு வந்து தட்டை அவன் பக்கம் நீட்டினார். அருண் கையும் வழக்கம் போல நீண்டது.

அதற்குள் இன்னொரு கை வந்து தட்டை வாங்கிக்கொண்டது. தென்னரசு தட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். விருத்தாசலம் போனதும், மூன்று நாளைக்குப் பிறகு அருணின் முகத்தைப் பார்த்தான்.

“சென்னைக்காரங்களுக்கு வரலன்னு சொல்லிட்டேண்ணா. பாட்டு உங்கிட்டயே இருக்கட்டும். வெத்தலைய மட்டும் இனிமே நான் வாங்கிக்கிறேன்.”

அருண் சரியென்று தலையாட்டினான். இத்தனை மாசமாக எதற்குப் பயந்தானோ அது நடக்கவில்லை. பாட்டு அவனிடமே இருக்கிறது. அவன் வார்த்தையை நம்பி ஒரு தட்டை அவன் கையில் விட்டுவைக்க மட்டும் இனி தென்னரசு தயாராக இல்லை. இதில் சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று அவனுக்குத் தெரியவில்லை. நீட்டிய கையை மடக்கிக்கொண்டு, கீழே கிடந்த வயரை எடுத்துச் சுற்ற ஆரம்பித்தான்.